நிறை நான்கு, குறை நான்கு

வீட்டுக்குள் பாம்பு வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கத்துவீர்கள், ஓடுவீர்கள், கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பீர்கள். என் அத்தை மகன் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு, "பதறாதீங்க. விஷமுள்ளதா, விஷமில்லாததான்னு மொதல்ல வரையறுக்கணும்" என்றார். அவர் வரையறுத்து முடிப்பதற்குள் நான் விறகுக் கட்டையால் அதன் தலையை நசுக்கி, குச்சியில் தூக்கிக்கொண்டுபோய் வேலியோரம் வீசிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் மனிதர் அதே நாற்காலியில் அதே மாதிரி குந்தியிருக்கிறார். "அடிச்சது சரிதான். மறுபுறம் பாத்தா, அது எலி புடிக்கிற சாரையாவும் இருந்திருக்கலாம்" என்றார்.

சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

அவர் பெயர் வேண்டாம். எங்கள் தெருவிலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'கலெக்டருக்குப் படிக்கிற புள்ள' என்றால் விருத்தாசலத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். என் அப்பாவின் அக்கா மகன். அத்தைக்கு அவர் ஒரே பிள்ளை, அத்தை புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டார். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர், பின்னால் ஒரே கிணறு. சிதம்பரத்தில் பி.ஏ. படித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றால் உட்கார்ந்தேதான் இருந்தார். என் அப்பா பீங்கான் கம்பெனியில் சூளைக்குள் சரக்கு அடுக்குகிறவர். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த மறு மாதமே அதே கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனேன்.

நான் பெரிய மனுஷி ஆன அன்றைக்கு அத்தை தட்டு வரிசையோடு வந்து சபையில் சொல்லிவிட்டாள். "இவ எம்மூட்டு மருமவ. எம்புள்ளைக்குத்தான் இவ." அதோடு முடிந்தது. இனி வெளியிலிருந்து எவன் பெண் கேட்டு வந்தாலும், முறைக்காரர் "எனக்கு வேணாம்" என்று வாய் திறந்து சொன்னால்தான் எங்கள் வீட்டில் பேச முடியும். இல்லை, "வேணும், தேதி வைங்க" என்று சொல்லட்டும். இரண்டில் ஒரு வார்த்தை. பத்து வருஷத்துக்கு மேல் அந்த ஒரு வார்த்தைக்காக நான் காத்திருந்தேன் என்றால் நம்புவீர்களா? என்னோடு படித்தவர்களின் பிள்ளைகள் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்திருந்தன.

என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சூளையிலிருந்து இறங்குகிற, கரண்டுக்குப் போடுகிற பீங்கான் பீஸ் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சின்னக் குச்சியால் தட்ட வேண்டும். கணீரென்றால் நல்ல சரக்கு. 'டொப்' என்றால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது. வலது கைப்பக்கம் நல்ல கூடை, இடது கைப்பக்கம் கழிவுக் கூடை. தட்டின நொடியில் முடிவு சொல்லியாக வேண்டும். யோசித்துக்கொண்டு நின்றால் மேஸ்திரி கத்துவார். மூன்றாவது கூடை கிடையாது. நாள் முழுக்க இந்த வேலையைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து அந்த மனிதர் பேச்சைக் கேட்டால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

"கொழம்புல உப்பு சரியா இருக்குதாடா?" என்று அத்தை கேட்பாள். "ஒருபுறம் பாத்தா இருக்குது. மறுபுறம் பாத்தா, நேத்தைய கொழம்போட ஒப்பிட்டா கொறைவுதான்" என்பார். அத்தை விழிப்பாள். எந்தப் பேச்சை எடுத்தாலும் முதலில் வரையறை, அப்புறம் காரணங்கள், அப்புறம் நிறை, அப்புறம் குறை. பரிட்சையில் பதில் எழுதுகிற மாதிரிதான் சாப்பிடுவார், நடப்பார், குளிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பார். நிறை நான்கு என்றால் குறையும் நான்கு இருக்க வேண்டும். ஒன்று கூடிவிட்டால், பக்கம் சாய்ந்துவிட்டான் என்று திருத்துகிறவர் நினைத்துவிடுவாராம்.

கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாளும் குரலை உயர்த்தினதில்லை. என்னை 'டி' போட்டுப் பேசினதில்லை. தெருவில் மற்ற ஆம்பிளைகள் வேலைக்குப் போகிற பெண்களைப் பார்க்கிற பார்வை அவரிடம் கிடையாது. பேப்பரில் படித்ததை எனக்கும் சொல்வார், நான் பதில் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. பிடிக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு ஆத்திரம் எங்கிருந்து வரும்?

கம்பெனியில் நாங்கள் இருபது பெண்களுக்கு மேல் வேலை பார்த்தோம். எங்களுக்கு ஒரு கக்கூஸ் கிடையாது. பின்பக்கத்துக் கருவேலம் புதருக்குத்தான் போக வேண்டும், அதுவும் துணைக்கு ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு. முதலாளிக்கு மனு கொடுப்பது என்று முடிவு செய்தோம். "ஒங்க மாமா கலெக்டருக்குப் படிக்கிறவராச்சே, எழுதித் தரச் சொல்லேன்" என்றார்கள். பெருமையோடு போய்க் கேட்டேன். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். பதினாறு வரி. எட்டு வரி எங்கள் கஷ்டம். அடுத்த எட்டு வரியில், 'எனினும் சிறுதொழில் நிறுவனங்களின் இட நெருக்கடியையும், தண்ணீர்ப் பற்றாக்குறையையும், நிர்வாகத்தின் பிற சுமைகளையும் கருத்தில் கொள்ளும்போது' என்று போகிறது. நான் அதை முழுசாகப் படிக்காமல் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டேன். படித்த மனிதர் எழுதியது, தப்பாகவா இருக்கும் என்ற நினைப்பு.

முதலாளி எங்களைக் கூப்பிட்டு நிற்க வைத்து அந்தப் பின்பாதியை மட்டும் சத்தமாகப் படித்தார். "எங்க கஷ்டத்த எங்களவிட ஒங்க ஆளு அழகா எழுதியிருக்காரும்மா. நீங்களே கையெழுத்தும் போட்டிருக்கீங்க. அப்புறம் என்னா?" என்று சிரித்தார். நாங்கள் மறுபடி புதருக்குத்தான் போனோம். பக்கத்து பெஞ்சு அக்கா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. நான் வீட்டுக்கு வந்து சாமியாடினேன். அவர் அமைதியாக, "ஒரு கோரிக்கைன்னா ரெண்டு பக்கமும் பாக்கணும்ல?" என்றார். நான் கிணற்றடியில் போய்க் குடத்தை நங்கென்று வைத்தேன். வேறு எதை உடைப்பது?

அந்தப் பக்கத்து பெஞ்சு அக்காவுக்கு ஸ்ரீமுஷ்ணம். கோபம் தணிந்த பிறகு ஒரு நாள் அவளே எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் தம்பி ஸ்ரீமுஷ்ணம் வழியில் ஓடுகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். சித்தி ஊருக்குப் போகும்போது நானும் பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் பெண்களுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்துக்கொண்டே வருகிற மனிதர். "ஒங்க பொண்ணக் கேக்கச் சொல்லி தம்பி அனுப்பிச்சுது" என்றாள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "முறை இருக்குதும்மா. ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றோம்" என்றார்.

அன்று சாயங்காலம் அப்பா சட்டை போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அடுத்த வீட்டுக்குப் போக அவர் சட்டை போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"மாப்ள, ஒரு எடத்துலேருந்து புள்ளையக் கேட்டு வந்திருக்காங்க. நீ கட்டிக்கிறன்னா நான் இன்னும் எத்தினி வருஷம் வேணாலும் இருக்கேன். வேணாம்னா வெளியில குடுத்துடறேன். எதுவா இருந்தாலும் எனக்கு வருத்தம் இல்ல. ஒரு வார்த்த சொல்லு."

"நல்ல கேள்வி மாமா" என்றார் அவர். ஐயோ, நல்ல கேள்வியாம்! "ஒருபுறம் பாத்தா பொண்ணுக்கு வயசு ஏறுது, அத மறுக்க முடியாது. மறுபுறம், நான் பரிட்ச பாஸாயிட்டா அவளுக்கு வர்ற வாழ்க்கையோட ஒப்பிட்டா இது அவசர முடிவாயிடும். பாஸாவலன்னா, அப்ப வேற மாதிரி யோசிக்கணும். ரெண்டயும் எடை போட்டுத்தான் சொல்லணும்."

"எப்ப சொல்லுவ தம்பி?"

"இதுல காலக்கெடு வைக்கிறது அவ்வளவு சரியா வராது மாமா."

அப்பா திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "படிச்ச புள்ள. யோசிச்சுத்தான் சொல்லும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். ஸ்ரீமுஷ்ணத்துக்காரர்கள் தை முடியும்வரை பொறுத்திருந்தார்கள். அப்புறம் கருவேப்பிலங்குறிச்சியில் பெண் எடுத்தார்கள். எப்படிக் குறை சொல்வது? பஸ் யாருக்காக நிற்கும்?

அந்த வருஷத்திலேயோ அதற்கு அடுத்த வருஷத்திலேயோ பரிட்சை முறையை மாற்றினார்கள். அதுவரை சரித்திரத்தை வைத்து மோதிக்கொண்டிருந்தவருக்குப் புது விருப்பப் பாடப் பட்டியலில் சமூகவியல் என்ற பாடம் கண்ணில் பட்டது. தமிழிலேயே எழுதலாம் என்றும் வந்தது. போதாததற்கு வயது வரம்பையும் இரண்டு வருஷம் தள்ளிவிட்டார்கள். அவர் பேப்பரைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடி வந்தார். அத்தை எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தாள். அரசாங்கம் அவருக்கு இரண்டு வருஷம் கொடுத்ததாம்! யாருடைய இரண்டு வருஷத்தை எடுத்துக் கொடுத்தார்கள் என்று நான் அந்தச் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டே நினைத்தேன்.

"சமூகவியல்னா என்னா மாமா?" என்று கேட்டேன்.

"நம்மளப் பத்தின பாடம்தான். குடும்பம், சாதி, கல்யாணம், தொழிலாளிங்க. கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டா போதும், பாதி பாடம் முடிஞ்சிடும்" என்றார்.

தமிழில் புத்தகம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்து அவரே தமிழில் சொல்வார், நான் எழுத வேண்டும். என் கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும். அவருடையது எறும்பு மையில் விழுந்து நடந்த மாதிரி இருக்கும். ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்து, கை கால் கழுவி, அத்தை வீட்டுக் கூடத்தில் உட்காருவேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். அகமணம், புறமணம், படிநிலை, கூட்டுக்குடும்பச் சிதைவு, தொழிலாளர் அந்நியமாதல். அந்நியமாதலை எழுதும்போது என் நகக்கண்ணில் பீங்கான் தூசி இருக்கும். அவர் அதைப் பார்த்ததில்லை. ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அந்தப் பாடம் எனக்குப் பிடித்துப்போனது. எங்கள் தெருவில் நடப்பதற்கெல்லாம் பெயர் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒரு நாள் முறைமணம் என்ற தலைப்பு வந்தது.

"எழுதிக்க. வரையறை. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் வழக்கப்படி நடைபெறும் திருமணம். எடுத்துக்காட்டு. விருத்தாசலம் வட்டாரத்தில் ஒரு தொழிலாளர் குடும்பம். அத்தை மகன் உயர்கல்வி கற்கிறான். மாமன் மகள் அவனுக்கென்று உறுதி செய்யப்பட்டிருக்கிறாள்."

என் பேனா நின்றது. அவர் நடந்துகொண்டே இருந்தார். யாரிடம் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லை.

"நிறைகள். ஒன்று, குடும்பச் சொத்து வெளியே போகாது. இரண்டு, பெண்ணுக்குப் புகுந்த வீடு பழகிய வீடு. மூன்று, முதியோருக்குப் பராமரிப்பு. நான்கு, மணமகன் ஒரு நிலைக்கு வரும்வரை பெண் வீட்டார் காத்திருப்பார்கள். அந்நியர் என்றால் காத்திருக்க மாட்டார்கள். எழுதிட்டியா? குறைகள். ஒன்று, பிறக்கும் குழந்தைகளுக்கு நோய் வரும் வாய்ப்பு. இரண்டு, புதிய உறவுகள் கிளைப்பதில்லை. மூன்று, ஒரு பூசல் வந்தால் இரண்டு குடும்பமும் உடையும். நான்கு, மணமகனின் தேர்வுரிமை குறைகிறது."

மணமகனின்! நான் அதையும் குண்டு குண்டாக எழுதினேன்.

"பொண்ணுக்கு மாமா?" என்றேன்.

"பொண்ணுக்கு என்னா?"

"பொண்ணு காத்துக்கிட்டு இருக்குறது நிறையில வருமா, கொறையில வருமா?"

நின்று மோவாயைத் தடவினார். நிஜமாகவே யோசித்தார். "நல்ல கேள்வி. ஆனா அது தனிமனுஷ உணர்ச்சி. சமூகவியல் தனிமனுஷனப் பாக்காது, அமைப்பத்தான் பாக்கும். தவிர, அஞ்சாவதா ஒண்ணு போட்டா பக்கம் சாஞ்சிடும்" என்றார்.

"அப்ப முடிவுரை?"

"அத இப்பவே எழுதக் கூடாது. பரிட்ச ஹால்ல போயி அங்க தோணுறத எழுதணும்."

நான் நோட்டை மூடினேன். அன்று எனக்கு அழுகை வரவில்லை. கழிவுக் கூடையில் எதையாவது தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது.

முதல் கட்டப் பரிட்சையில் பாஸாகிவிட்டார். தெருவே கொண்டாடியது. அப்பா கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தார். பெரிய பரிட்சைக்கு மெட்ராஸ் போனார். முடித்துக்கொண்டு ஒரு மத்தியான ரயிலில் வந்து இறங்கியவர், பையைக்கூடத் தன் வீட்டில் வைக்காமல் நேரே எங்கள் வீட்டுக்குள் வந்தார். ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் எல்லோரும் இருந்தோம். மகன் வந்த சத்தம் கேட்டு அத்தையும் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"கேள்வி வந்துடுச்சு!" என்றார் என்னைப் பார்த்து. அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை. "முறைமணம்! நம்ம நோட்டுல இருந்தது அப்பிடியே! நிறை நாலு, கொறை நாலு, எடுத்துக்காட்டு நம்ம ஊரு. நாலு பக்கம் எழுதினேன்."

"முடிவுரை என்னா எழுதினீங்க?" என்று கேட்டேன்.

தலையைச் சொறிந்தார். "ரெண்டு பக்கத்தையும் எடை போட்டுக்கிட்டு இருந்தேனா, அதுக்குள்ள பெல்லு அடிச்சுட்டான்."

இவ்வளவு தூரம் போயும் அந்த மனிதரால் ஒரு வரி எழுத முடியவில்லை.

"முடிவுரைய நான் சொல்றேன் மாமா. எனக்கு வேணாம்."

"என்னாடி வேணாம்?" என்றாள் அத்தை.

"ஒங்க புள்ள எனக்கு வேணாம் அத்தை. பரிட்ச பாஸானாலும் வேணாம், ஆவலன்னாலும் வேணாம். இவுரு சொல்லுவாரு சொல்லுவாருன்னு இருந்தது போதும். நான் சொல்லிட்டேன்."

அத்தை வாயில் அடித்துக்கொண்டாள். "நல்லா வளத்தடா பொண்ண!" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினாள். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தோம். என் அத்தை மகன் இரண்டு கையையும் உயர்த்தி எல்லோரையும் அமர்த்தினார்.

"இருங்க, இருங்க. ஒருபுறம் பாத்தா அவ சொல்றதுல நியாயம் இருக்குது. மறுபுறம்..."

"மறுபுறம் வேணாம் மாப்ள" என்றார் அப்பா. அவர் குரலில் அப்படி ஒரு கனம் இருந்து நான் கேட்டதில்லை. "இன்னிக்கு ஒருபுறம் போதும்."

அத்தை மகன் உயர்த்திய கைகளை இறக்கினார். பிறகு பையைத் திறந்து நோட்டை எடுத்து என் பக்கம் நீட்டினார். என்ன சொன்னார் தெரியுமா? "இதயும் சேத்துக்கணும். கொறைகள்ல. எழுதிக்க."

"நீங்களே எழுதுங்க. கை இருக்குதுல்ல?" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

அந்தப் பரிட்சையில் அவர் தேறவில்லை. பிறகு தேறவும் இல்லை. வெளியூரில் ஏதோ ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார் என்று கேள்வி. எனக்குக் கல்யாணம் ஆகும்போது தலையில் நரை எட்டிப் பார்த்துவிட்டது. அதெல்லாம் அப்புறம் நடந்தது. அன்று நான் முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது எல்லோரும் போயிருந்தார்கள். நோட்டு மட்டும் நாற்காலி மேல் திறந்து கிடந்தது. குறைகள் நான்குக்குக் கீழே, அவருடைய எறும்புக் கையெழுத்தில், ஐந்து என்று எண் போட்டுப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

நான் பேனாவை எடுத்து, 'பெண்ணிடம் யாரும் கேட்பதில்லை' என்று எழுதினேன். எழுதிப் பின்பக்கம் கொண்டுபோய்ச் சுவருக்கு மேலாக நீட்டினேன். அவர்தான் வாங்கினார். நின்றபடியே படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"இது மொதல்லயே தோணாமப் போச்சே" என்றார்.

பரிட்சையைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரெண்டு பக்கமும் சொல்லியிருப்பார்.